மூலிகை வேதியியல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மூலிகைகளை ஆராயும் வேலைக்குப் போக ஆசை. தாவரவியலுக்கு மாறிவிடலாமா? (மாணவி, அரூர்)

பதில்: மாற வேண்டாம். இலைக்குள் இருக்கும் சேர்மத்தைத் தனியே பிரித்து, அதன் அமைப்பை எழுதிக் காட்டுவதுதான் இந்த வேலையின் உயிர். அதற்குக் கரிம வேதியியல் வேண்டும். எம்.எஸ்சி. சேர ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வை ஒரு தடவையாவது எழுதுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் தர்மபுரி, சேலம் பக்கத்திலேயே எம்.எஸ்சி. படித்து மேலே வர முடியும். அந்த இரண்டு ஆண்டுகளில், சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர்., மாஸ் (மூலக்கூறு எடை காட்டுவது), ஐ.ஆர். கருவிப் படங்களைப் பார்த்த மாத்திரத்தில் படிக்கும் பழக்கம் வந்துவிட வேண்டும். அது வராமல் பி.எச்டி.யில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டில் தடுமாறுவீர்கள்.

அடுத்தது சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. லக்னோவில் சிமாப், சி.டி.ஆர்.ஐ., திருவனந்தபுரத்தில் என்.ஐ.ஐ.எஸ்.டி., ஹைதராபாத்தில் ஐ.ஐ.சி.டி. ஆகிய சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள் இந்தத் துறையில் பேர் பெற்றவை. சிமாப்பின் ஆய்வு மையம் ஒன்று பெங்களூரிலேயே இருக்கிறது. நம் மாநிலத்துக்கும் இதில் நல்ல வேர் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி, நஞ்சறுப்பான் கொடியின் ஆல்கலாய்டான (நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மம்) டைலோஃபோரினை ஆராய்ந்தவர்.

தாவரவியலை விட்டுவிடவும் கூடாது. செடியை அடையாளம் காட்டத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்தே வேலை செய்யுங்கள். கீழாநெல்லி என்று சந்தையில் கட்டாக விற்பதில் பில்லாந்தஸ் இனங்கள் பல கலந்திருக்கும். பில்லாந்தின் என்ற சேர்மம் வேண்டுமென்றால் அமாரஸ் இனம்தான் வேண்டும்.

கேள்வி: புராஜெக்டுக்காக 100 கிராம் நிலவேம்புப் பொடியை மெத்தனாலில் சாக்ஸ்லெட் (சூடான கரைப்பானால் திரும்பத் திரும்பச் சாறு இறக்கும் கருவி) ஓட்டினேன். கரும்பச்சைப் பிசின்தான் கிடைத்தது. நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆன்ட்ரோகிராபோலைடு படிகம் வரவே இல்லை. எங்கே தவறு? (எம்.எஸ்சி. மாணவர், தர்மபுரி)

பதில்: சாக்ஸ்லெட்டில் மட்டும் தேடாதீர்கள். பாதித் தவறு அதற்கு முன்பே நடந்திருக்கலாம். செடியை எப்போது அறுத்தீர்கள்? பூ எடுக்கத் தொடங்கும் பருவத்தில்தான் இலையில் கசப்புச் சத்து நிறைந்திருக்கும். விதை முற்றிய செடியில் குறைந்துவிடும். தண்டையும் சேர்த்து அரைத்திருந்தால் அதுவும் ஒரு காரணம், சத்து பெரும்பாலும் இலையில்தான். வெயிலில் காயப்போடாமல், நிழலில் மெல்லிய பரப்பாக விரித்து, கையில் நொறுங்கும்வரை உலர்த்துங்கள். ஈரம் இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இனி பிரித்தெடுப்பு. சூடான மெத்தனால் பச்சையம், சர்க்கரை, பிசின் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிடும். இந்தச் செடிக்குக் குளிர் ஊறலே போதும். 100 கிராம் இலைப்பொடி மூழ்கும் அளவுக்கு டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் சம அளவில் கலந்து ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். வடிகட்டி, சக்கையை இன்னும் இரண்டு முறை அப்படியே ஊற வைத்து வடியுங்கள். மூன்றையும் சேர்த்து ரோட்டாவேப்பரில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை வற்ற வைக்கும் சுழல் கருவி) வற்ற வையுங்கள். தண்ணீர்த் தொட்டியின் சூடு 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

அடியில் தங்கும் பச்சைப் பொருளை டொலுயீன் விட்டுக் கழுவுவதுதான் இதில் முக்கியமான படி. பச்சையம் டொலுயீனில் கரைந்து போகும், ஆன்ட்ரோகிராபோலைடு பெரும்பாலும் அடியில் தங்கும். கழுவிய டொலுயீன் நிறமில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பொறுமை இழந்து இரண்டே கழுவலில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் பிசின் மிஞ்சுகிறது. பிறகு, கரைவதற்கு எவ்வளவு குறைவாகத் தேவையோ அவ்வளவு சூடான மெத்தனாலில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, மூடி, தானாக ஆற விடுங்கள். உடனே பனிக்கட்டியில் வைத்தால் அழுக்கும் சேர்ந்து படியும். மெத்தனால் கூடிப்போயிருந்தால் பாதியாக வற்ற வைத்து, கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டிப் பாருங்கள்.

நல்ல இலையில் ஒன்று, இரண்டு சதவீதம்தான் இருக்கும். 100 கிராமுக்கு அரைக் கிராம் தூய படிகம் கையில் வந்தாலே நல்ல வேலை. உருகுநிலை 228–230 டிகிரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அகன்ற இடைவெளியில் உருகினால் மறுபடி படிகமாக்குங்கள்.

சூட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. சீனாவில் தூ யூயூ மலேரியா மருந்து தேடியபோது, காய்ச்சிய மூலிகைச் சாறு சரியாக வேலை செய்யவில்லை. 1971-இல் குறைந்த சூட்டில் ஈதரால் பிரித்த பிறகுதான் பலன் தெரிந்தது. அதிலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினின் என்ற மருந்துக்காக 2015-இல் நோபல் பரிசு வந்தது.

கேள்வி: காலம் (column) என்ற பிரிப்புக் குழாயில் பிரித்த ஒரு பொருளுக்கு மாஸில் 391, 149 என்று வருகிறது. புதுச் சேர்மமா? (ஆராய்ச்சி மாணவி, ஓசூர்)

பதில்: பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் கேன் கரைப்பான், குழாய், மூடி வழியாக வருவது. கரைப்பானைக் காய்ச்சி வடித்துக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். செடி இல்லாமல் வெறும் கரைப்பானை அதே அளவு வற்ற வைத்து ஒப்பிடுங்கள். என்.எம்.ஆரில் 1.26, 0.86 இரண்டு இடத்தில் மட்டும் வலுவாக வந்தால் அது கிரீஸ். செடியிலிருந்தே வந்த வெள்ளைப் பொருள் 136–140 டிகிரியில் உருகினால் தாவரங்களில் பொதுவாக உள்ள பீட்டா சிட்டோஸ்டெராலா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத செடி அரிது.

கேள்வி: மேலகிரிக் காட்டில் செடி பறித்து ஆராய அனுமதி வேண்டுமா? (கல்லூரி விரிவுரையாளர், தேன்கனிக்கோட்டை)

பதில்: கட்டாயம் வேண்டும். அந்தப் பக்கம் காவேரி வடக்கு, காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் இருக்கின்றன. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. காப்புரிமை கேட்பதாக இருந்தாலும், வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தாலும், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் பாருங்கள். பூவோடு அழுத்தி உலர்த்திய மாதிரியைக் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தில் காட்டி, பெயரை உறுதிசெய்து எண் பெறுங்கள்.

மாணவர்களுக்குக் காடே வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியில் மாங்காய் முடிந்து கவாத்து செய்யும்போது இலை குவிகிறது. அதில் மாஞ்சிஃபெரின் என்ற சேர்மம் இருக்கிறது. மருந்து தெளிக்காத தோப்பாகத் தேர்ந்தெடுங்கள். ஹெக்ஸேனில் கொழுப்பை நீக்கி, நீர் கலந்த எத்தனாலில் பிரித்தால் வெளிர்மஞ்சள் திடப்பொருள் கிடைக்கும். அது குளோரோஃபார்மில் கரையாது. என்.எம்.ஆருக்கு டியூட்டிரியம் ஏற்றிய டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான் கேளுங்கள். 13.8-க்கு அருகே ஒற்றைக் கோடு வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

கேள்வி: மகள் இந்தப் படிப்புக்கு ஆசைப்படுகிறாள். வேலை கிடைக்குமா? ரசாயனத்தால் உடம்புக்கு ஆகுமா? (பெற்றோர், போச்சம்பள்ளி)

பதில்: பி.எச்டி. வரை போகாவிட்டாலும், எம்.எஸ்சி.யோடு மூலிகை மருந்து, சாறு தயாரிக்கும் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டில் வேலை உண்டு. கலவையில் எந்தச் சேர்மம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி., எச்.பி.டி.எல்.சி. கருவிகளைக் கையால் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தில் ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 ஆகிய அளவுகளைத் தாண்டவில்லை என்று சான்று தருவதும் அந்தப் பிரிவின் பொறுப்பே. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. கருவியில் கை தேறத் தேற உயரும்.

பாதுகாப்புக்குச் சில பழக்கங்கள் போதும். ஈதர், ஹெக்ஸேன் பக்கத்தில் தீ கூடாது, கரைப்பானை ஃபியூம் ஹுட்டுக்குள்தான் ஊற்ற வேண்டும். சிலிக்காப் பொடி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போடச் சொல்லுங்கள். கண்வலிக்கிழங்கு விதையை அரைக்கும்போது கையுறையும் வேண்டும். அதிலுள்ள கோல்சிசின் சிறிய அளவிலேயே உயிருக்கு ஆபத்து.