வாசகர் கேள்வி-பதில்: சன்ஸ்கிரீன் குப்பியின் எண்ணை நம்பி வெயிலில் நிற்கலாமா?

கேள்வி: எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டுதான் காலையில் விளையாட்டு மைதானத்துக்குப் போகிறேன். மதியம் திரும்பும்போது காதும் கழுத்தும் சிவந்து, பிறகு தோல் உரிகிறது. கிரீம் தரமற்றதா, என் தோலில் ஏதும் கோளாறா?

பதில்: இரண்டையும் சந்தேகிக்கும் முன் பூசும் அளவைப் பாருங்கள். குப்பியில் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், அதாவது வெயிலில் தோல் எரியாமல் கிரீம் எவ்வளவு காக்கும் என்பதைச் சொல்லும் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி ஆய்வகத்தில் அளந்தது; நம்மில் பலர் அதில் பாதியைக்கூடப் பூசுவதில்லை என்பதால், அந்த எண் சொல்லும் காப்பு நமக்குக் கிடைப்பதில்லை. முகம், காது, கழுத்து ஆகியவற்றுக்கு மட்டுமே ஒரு தேக்கரண்டி வேண்டும். அதிலும் கண்ணாடியைப் பார்த்துப் பூசுகிறவர்களின் கை பெரும்பாலும் கன்னத்தோடு நின்றுவிடும். காது மடலின் மேல்விளிம்பும் பிடரியும் விடுபட்டுப்போகும். வியர்வையைத் துடைக்கும்போது பூசியதும் சேர்ந்து போய்விடுவதால், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவது அவசியம்.

எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சரியான அளவில் பூசினால், எஸ்.பி.எஃப். 30 தோலைச் சிவக்கவைத்து எரிக்கும் புற ஊதா-பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பிய மாணவர்களுக்கு எண்ணைச் சொல்லாமல் 10, 30 என்ற இரு வகைக் கிரீம்களைக் கொடுத்தபோது, 30 பூசியவர்களே அதிக நேரம் வெயிலில் இருந்தார்கள். தோல் எரியத் தாமதமானதால் எழுந்து நிழலுக்குப் போகத் தோன்றவில்லை போலும்! இதற்காகக் கிரீமே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில், தினமும் பூசியவர்களிடையே ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. ஆனாலும் என் வரிசையில் நிழல், முழுக்கை சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி ஆகியவற்றுக்குப் பிறகுதான் கிரீம்.

கேள்வி: மேகமூட்டமான நாளிலும், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் பூசச் சொல்வது மிகையில்லையா?

பதில்: உடல் உணர்வது வெப்பத்தைத்தான், புற ஊதாக் கதிர் பட்டால் உடனே தெரியாது. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரைப் பெருமளவு நிறுத்தினாலும் தோலின் ஆழம் வரை போகும் புற ஊதா-ஏ கதிரை உள்ளே விடுகிறது. வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை. அதற்குக் கீழே இருக்கும் நாளில் பெரும்பாலோர் கவலையின்றி வெளியே போகலாம்.

கேள்வி: நான் நல்ல கறுப்பு. எனக்குத் தோல் புற்றுநோய் வராது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அபாயம் வெகுவாகக் குறைவு என்பது உண்மை, வராது என்பது உண்மையல்ல. கருமையான தோலில் மெலனோமா என்ற கொடிய வகைத் தோல் புற்றுநோய் வரும்போது, அது பெரும்பாலும் வெயில் அதிகம் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் வந்தது; அவர் 1981இல், 36ஆம் வயதில் இறந்தார். இவ்வகைக்கு வெயில் முக்கியக் காரணமல்ல என்பதால் சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதே வழி. குளித்து முடித்ததும் அவ்வப்போது உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கருமையான தோலுடையவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோடு, நகத்தைத் தாண்டித் தோலிலும் பரவும் கருமை, வாரக்கணக்கில் ஆறாத புண் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், அடிபட்டதாக இருக்கும் என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.