ஒரே கட்டாவை ஒரு வருடமாகச் செய்விக்கும் மாஸ்டர் இழுத்தடிக்கிறாரா?

கிளிநொச்சியில் கராத்தே பழகும் உங்கள் மகன் ஒரு வருடத்துக்கு மேலாக ஹெயான் ஷோடான் என்ற ஒரே கட்டாவையே (குத்து, தடுப்பு முதலிய அசைவுகளை ஒழுங்காகக் கோத்த தனிப்பயிற்சி) செய்துகொண்டிருக்கிறான், பக்கத்து வகுப்புப் பிள்ளைகளோ மூன்று மாதத்துக்கு ஒரு பட்டி மாற்றுகிறார்கள், மாஸ்டர் காசுக்காக இழுத்தடிக்கிறாரா, பழைய பெரிய வீரர்கள் இப்படித்தான் பயின்றார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இழுத்தடிப்பு என்ற சொல் என்னைச் சுட்டது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்குகிறவன் என்ற வகையில், அதே சொல்லைப் பெற்றோர் வாயிலிருந்து நானும் கேட்டிருக்கிறேன். உங்கள் மகனின் மாஸ்டரை எனக்குத் தெரியாது. அவருக்காக வாதாடவும் நான் வரவில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்: பழையவர்கள் இதைவிட மெதுவாகவே பயின்றார்கள்.

அந்தக் கட்டாவுக்கு ஹெயான் என்ற பெயரை வைத்தவர், இன்றைய கராத்தேயின் தந்தை எனப்படும் கிச்சின் புனகோஷி. 1868 இல், இன்று யப்பானைச் சேர்ந்த ஒகினாவாத் தீவின் ஷுரியில் பிறந்து, சிறுவயதில் நோஞ்சானாக இருந்து, பின்னர் பகலில் பள்ளிக்கூட ஆசிரியராகவும் இரவில் மாணவனாகவும் வாழ்ந்தவர் அவர். வெளிப்படையாக இக்கலையைப் பழகாத காலமாகையால், அவருடைய குரு அங்கோ அசாத்தோ இருட்டிய பிறகே தம் வீட்டு முற்றத்தில் அவரைப் பழக்கினார். மங்கிய விளக்கின் அருகே குரு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மாணவன் கட்டாவை முடித்ததும் "திரும்பச் செய்" என்பார், மறுபடி முடித்தால் "இன்னும் கொஞ்சம்" என்பார், பாராட்டு அபூர்வம். இன்று டெக்கி என்று நாம் சொல்லும் நைஹாஞ்சிக் கட்டாக்கள் மூன்றுக்கு மட்டும் புனகோஷிக்குப் பத்து ஆண்டுகள் சென்றன. சூறாவளியில் கூரைமேல் ஏறி, பாயைக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு அவர் நின்ற கதையைத்தான் எல்லோரும் விரும்பிப் பகிர்கிறார்கள். எனக்கு அந்த முற்றமே பெரிதாகப் படுகிறது.

விவரம் தெரிந்த ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும்: புனகோஷியின் மற்றைய குருவான அங்கோ இத்தோசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதானே ஹெயான் வரிசையின் ஐந்து கட்டாக்களையும் அமைத்தார், அதற்கு எதற்கு ஒரு வருடம் என்று. ஹெயான் ஷோடானில் இருப்பவை 21 அசைவுகள். கெட்டிக்காரப் பிள்ளை அவற்றின் ஒழுங்கைச் சில வகுப்புகளிலேயே பாடமாக்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முன்னே கால்வைத்துக் குத்தும்போது பின்காலின் குதி நிலத்தை விட்டு எழும்புகிறது. குதியை இருத்தினால் முழங்கால் உள்ளே மடிகிறது. முழங்காலைத் திருத்தினால் தோள் உயர்கிறது. இடுப்புத் திரும்பி முடியும் கணமும் கை போய்ச்சேரும் கணமும் ஒன்றாகும் வரை அந்தக் குத்தில் உடம்பின் பாரம் இருக்காது. ஒன்றைத் திருத்த இன்னொன்று குலைவதும், குலைந்ததைத் திருத்தத் தொடக்கத்துக்குத் திரும்புவதுமாகவே மாதங்கள் போகின்றன.

என் மாஸ்டர் எங்களை இப்படித்தான் பழக்கினார். சமாதானக் காலத்தில், கிடுகுக் கொட்டகை ஒன்றில், பனஞ்சலாகையின் மேல்பாகத்தை மெல்லிதாகச் சீவி, தும்புக் கயிறு சுற்றி, நிலத்தில் ஆழ நட்டிருந்தார்; குத்தும்போது அது வளைந்து கொடுத்து மீளும். விறைத்த கப்பில் குத்தினால் மணிக்கட்டு போய்விடும் என்று பெரிய பையன்களைக்கூடத் தடுத்துவிடுவார். டெக்கி ஷோடானை எங்களுக்கு அலுக்க அலுக்கச் செய்வித்தார்.

2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில்தான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. தறப்பாள் கூடாரங்கள் நெருங்கி நின்ற அங்கே, முன்னே பாய்ந்து திரும்பும் கட்டா எதற்கும் இடமில்லை. டெக்கி மட்டும் ஒரே கோட்டில் பக்கவாட்டாகப் போய் வருவது. இரண்டு கூடாரங்களின் கயிறுகளுக்கு இடையே அதைச் செய்ய முடிந்தது. "தம்பி, தண்ணிக்கு வரிசை போட்டிட்டு வந்து ஆடு" என்று பக்கத்துக் கூடாரத்து அம்மா ஏசுவார். வரிசையில் வாளியை வைத்துவிட்டு வந்து செய்வேன். கராத்தே வெந்நீரைப் போன்றது, சூடு கொடுத்துக்கொண்டே இராவிட்டால் ஆறிவிடும் என்பது புனகோஷியின் இருபது நெறிகளில் ஒன்று. எனக்கு மிஞ்சியிருந்த சூடு அந்த ஒரு கட்டாதான்.

புனகோஷியும் போரில் இழந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன். மாணவர்கள் பணம் திரட்டி டோக்கியோவில் அவருக்குக் கட்டிக்கொடுத்த ஷோட்டோகான் மண்டபம் 1945 இல் குண்டுவீச்சில் எரிந்தது. கலையில் தமக்கு அடுத்தவராக இருந்த மகனை அதே ஆண்டில் நோய்க்குக் கொடுத்தார். ஒகினாவாவிலிருந்து அகதியாக வந்த மனைவி 1947 இல் இறந்தார். அதன் பின்பும், எண்பதை நெருங்கிய வயதில், டோக்கியோவுக்குத் திரும்பிப் பழக்கினார்.

போட்டிகளுக்கு நான் எதிரி என்று யாரும் எழுதிவிட வேண்டாம்; என் மாணவர்களும் போட்டிகளுக்குப் போகிறார்கள். ஆனால் புனகோஷி அவற்றை விரும்பவில்லை. அவர் மறைந்த 1957 ஆம் ஆண்டிலேதான், அவருடைய மறைவுக்குப் பின், யப்பான் கராத்தே சங்கம் தன் முதலாவது சுற்றுப்போட்டியை நடத்தியது. கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை என்ற அவருடைய நெறி காமகுராவில் உள்ள அவரது நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகன் செய்யும் கட்டாவின் முதல் அசைவும் தடுப்புத்தான். என்னைக் கோபப்படுத்துவது பட்டிக் கட்டணம். எங்கிருந்தோ வந்த ஒரு பரீட்சகர் ஒரே காலையில் மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்குப் பட்டி கட்டிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டணத்தைக் கட்டியவர்களில் பலர் நாட்கூலிக்குப் போகும் தாய்மார்.

ஆகவே வகுப்பு நடக்கும்போது ஒரு நாள் நேரில் போய் உட்காருங்கள். பட்டியைப் பார்க்காமல் மாஸ்டரின் கண்ணைப் பாருங்கள். பிள்ளைகள் கட்டாவைச் செய்யும்போது அவர் ஒவ்வொரு காலையும் பார்த்து, கிட்டப் போய்க் குதியைத் தட்டி இருத்தி, சென்ற வாரம் சொன்ன பிழையை இந்த வாரம் நினைவுவைத்துக் கேட்கிறார் என்றால், மகனை இன்னொரு வருடமும் அங்கேயே விடுங்கள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருந்தால் அந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். அவர் எத்தனை கட்டா சொல்லிக்கொடுத்தாலும் சரி.