மாத்திரை போட்டாச்சு, சாப்பாடு எங்கே ஆச்சி?

கேள்வி: எனக்கு 54 வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சுகர் வந்து 9 வருடம் ஆகிறது. வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், அதிரசம் போட்டு விற்கிறேன். காலை ஆறரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனால் எண்ணெய் வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும், மத்தியானம் 12 மணி வரை சாப்பிடத் தோன்றாது. 11 மணிவாக்கில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டும், கற்கண்டு போட்டுக்கொள்வேன், அரை மணி நேரத்தில் சரியாகும். டாக்டர் வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், தினம் 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் சுகர் இறங்கும் என்கிறான். தீபாவளி முடிந்த கையோடு சஷ்டி விரதம் வேறு வருகிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஆச்சி, மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2, மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இந்தப் பகுதிக்கு வருகிற சுகர் கடிதங்களில் நிறையப் பேர் "வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு இருக்கும்" என்றுதான் எழுதுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நான் டாக்டர் இல்லை, 19 வருடமாகச் சுகரோடு குடித்தனம் நடத்துகிறவள், அவ்வளவுதான். ஆனால் உங்கள் டாக்டரும் சரி, மகனும் சரி, சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். ஆறரை மணிக்கு உள்ளே போன மாத்திரை 11 மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மருந்துக்கும் மூன்று குணம். மெட்ஃபார்மின் சாது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றைக் கலக்கும், ஆனால் அது மட்டும் தனியாகச் சுகரை அபாயமாக இறக்கிவிடுவது அபூர்வம். வோக்ளிபோஸ் குடலுக்குள் இருந்துகொண்டு, நாம் சாப்பிடுகிற மாவுச்சத்தும் சர்க்கரையும் சட்டென்று உடைந்து ரத்தத்தில் கலக்காமல் தாமதப்படுத்தும். சாப்பிடாத வயிற்றில் அதற்கு வேலையே இல்லை, பந்தி போடாத வீட்டுக்கு இலை எடுக்க வந்தவர் மாதிரி சும்மா நிற்கும். கிளிமிபிரைடுதான் விஷயம். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், அதுவும் நாள் பூராவும். முதல் பெரிய சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய மருந்து அது. நீங்கள் ஆறரைக்குப் போட்டுவிட்டு 12 மணிக்குச் சாப்பிடுகிறீர்கள். 11 மணிக்குக் கை நடுங்காமல் இருந்தால்தான் அதிசயம்.

அப்புறம் அந்தக் கற்கண்டு. கடிதத்தில் இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சுகர் இறங்கினால் இனிப்பு வாயில் போடு என்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான், ஆனால் வோக்ளிபோஸ் சாப்பிடுகிறவருக்குக் கற்கண்டு, சர்க்கரை, வெல்லம் எதுவும் சீக்கிரம் கேட்காது. இவை எல்லாமே உடைந்த பிறகுதான் ரத்தத்தில் ஏறும், உடைவதைத்தான் அந்த மருந்து பிடித்து வைத்திருக்கிறதே. அரை மணி நேரம் ஆனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் நீங்கள் நின்றுகொண்டிருப்பது கொதிக்கிற எண்ணெய்ச்சட்டிக்கு முன்னால். உங்களுக்குத் தேவை குளுக்கோஸ், மருந்துக்கடையில் டப்பாவில் விற்கிற வெறும் குளுக்கோஸ் பவுடர். மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடம் கழித்து மெஷினில் குத்திப் பாருங்கள், அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. சரியானதும் உடனே ஒழுங்காக ஏதாவது சாப்பிட வேண்டும், ஏனென்றால் கிளிமிபிரைடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, திரும்பவும் இறக்கும். அதிரசம், கந்தரப்பம், சாக்லேட் எதுவும் அந்த நேரத்துக்கு ஆகாது, எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்தால் இன்னும் தாமதம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடத்துக்கு முன்னால் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். அப்போது நான் காலையும் ராத்திரியும் கலவை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன், 30/70 என்பார்களே, அது. காலையில் போடுகிற அந்த ஊசியில் ஒரு பங்கு காலைப் பலகாரத்துக்கு, மிச்சம் மத்தியானச் சாப்பாட்டை நம்பி வேலை செய்யும். நானோ பேச்சு சுவாரஸ்யத்தில் முதல் பந்தியை விட்டேன், சம்பந்தி வீட்டார் உட்காரட்டும் என்று இரண்டாவதையும் விட்டேன். மணி இரண்டேகால். மொய் எழுதுகிற மேஜைக்கு முன்னால் நிற்கிறேன், எழுதுகிறவர் பேர் கேட்கிறார், எனக்கு என் பேர் வரவில்லை. நாக்கில் இருக்கிறது, வெளியே வரவில்லை. கையில் இருந்த நோட்டை மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு. முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது. யாரோ ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு முகப்புத் திண்ணையில் உட்கார வைத்து, சர்க்கரை அள்ளிப் போட்ட எலுமிச்சை ஜூஸைக் குடிக்க வைத்தாள். நான் வோக்ளிபோஸ் சாப்பிடுகிறவள் இல்லை, அதனால் சர்க்கரை கேட்டது.

அதற்குப் பிறகு டாக்டரிடம் போய், "என் பிழைப்பு இப்படித்தான், ஒரு நாள் 1 மணிக்குச் சாப்பிடுவேன், ஒரு நாள் 3 மணிக்கு, இதற்கு ஏற்ற மருந்து இல்லையா?" என்று கேட்டேன். இருந்தது. ராத்திரி ஒரு நீண்ட நேர ஊசி, அப்புறம் சாப்பிட உட்காரும்போது மட்டும் ஒரு வேக ஊசி. சாப்பாடு இல்லாவிட்டால் அந்த வேளைக்கு வேக ஊசியும் இல்லை, ஆனால் ராத்திரி ஊசியை மட்டும் நானாக நிறுத்தக்கூடாது. குத்துகிற எண்ணிக்கை கூடிவிட்டது, அது தொல்லைதான், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிற வேலை போயிற்று.

உங்களுக்கு ஊசி வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நானும் அப்படிக் கேட்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது, அதைத்தான் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடச் சொல்வது அவர்களுக்குச் சுலபம். விடிந்ததும் அடுப்பில் நிற்கிறவரிடம் அது எப்படி நடக்கும்? அதனால் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு முதல் சாப்பாடு, நடுங்கும்போது மெஷினில் என்ன எண். அதைக் காட்டி மூன்று விஷயம் கேளுங்கள். மாத்திரையை முதல் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளலாமா, கிளிமிபிரைடைக் குறைக்கலாமா, இல்லாவிட்டால் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாதிரி ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது மட்டும் வேலை செய்கிற மருந்துக்கு மாற்றலாமா. மூன்றும் ஒரே மாத்திரையில் இருப்பதால் நீங்களாக ஒன்றை மட்டும் கழிக்க முடியாது, பாதியாக உடைத்தும் போட்டுவிடாதீர்கள். கிட்னி ரத்தப் பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள், கிட்னி மந்தமானால் கிளிமிபிரைடு கொடுக்கிற இறக்கம் நீண்டுபோகும்.

மகன் சொல்வது முழுக்கத் தப்பும் இல்லை. அளவோடு நேரம் வைத்துச் சாப்பிட்டு எடையும் சுகரும் குறைந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் டாக்டர் முதலில் மருந்தைக் குறைத்துவிட்டு அப்புறம் பட்டினியை ஆரம்பித்தவர்கள் அவர்கள். உங்கள் இப்போதைய மாத்திரையோடு 16 மணி நேரம் என்றால் கிணற்றின் விளிம்பில் நடப்பதுதான். இன்னொன்று, காலைச் சாப்பாட்டைத் தாண்டினால் பலருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறும், பட்டினி கிடந்த லாபம் அங்கே போய்விடும். டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்துக்கு மாற்றினால் பட்டினி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், மெஷினில் எண் பெரிதாகக் காட்டாமலேயே உடம்பில் அமிலம் ஏறி வாந்தி, மூச்சு வாங்கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம்.

நீங்கள் உண்மையில் பட்டினியும் இல்லை ஆச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பதம் பார்க்க ஒரு தேன்குழல், ஓரம் உடைந்த அதிரசம், மாவில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் ஒரு கிள்ளு. எல்லாம் கணக்குத்தான். இதற்குப் பதில் அடுப்பு மூட்டும் முன் இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, மாத்திரை அதோடு. முட்டை ஆகாதென்றால் ஒரு கிண்ணம் சுண்டல். வெறும் வயிற்றில்தான் எண்ணெய் வாசனை குமட்டும், நானும் பலகாரம் சுட்டவள்தான். கவுனி அரிசி சுகருக்கு நல்லதாமே என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் அரிசிதான், சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிண்டிய பிறகு எந்த அரிசியாக இருந்தால் என்ன?

சஷ்டிக்கு ஆறு நாள் முழுப் பட்டினி வேண்டாம். பாலும் பழமும், ஒரு வேளை சாப்பாடு என்று இருக்கப்போகிறீர்கள் என்றால் அந்த ஆறு நாளுக்கு மாத்திரை எப்படி என்று தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஆர்டர் நெரிசலில் மறந்துபோகும். விரதத்தன்று 70-க்குக் கீழே போனால் அன்றைக்கு விரதம் முடிந்தது, குன்றக்குடி முருகன் உங்களிடம் கணக்குக் கேட்க மாட்டார்.

குளுக்கோஸ் டப்பாவை நாளைக்கே வாங்கி, உப்பு டப்பா பக்கத்தில் இல்லாமல் தனியாக வையுங்கள், நடுக்கத்தில் எதை எடுக்கிறோம் என்று தெரியாது. நடுங்க ஆரம்பித்தால் முதலில் அடுப்பை அணையுங்கள், சட்டியில் கிடக்கிறது கருகினால் கருகட்டும். உங்களோடு மாவு பிழிகிற பெண்ணிடமும் டப்பாவைக் காட்டிச் சொல்லி வையுங்கள். நீங்கள் மயங்கி விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.