பசங்களோட பழக்கத்த நம்பர்ல அளக்க முடியுமா? ஒரு டீச்சரோட கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்க ஸ்கூல்ல 3ஆம் வகுப்புல இருந்து 8ஆம் வகுப்பு வரைக்கும் பசங்களுக்கு சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, ஸ்க்ரீன் டைம் பத்தி 3 மாசம் ஒரு ப்ரோக்ராம் நடத்தப் போறோம். முடிஞ்சதும் பழக்கம் மாறிச்சா இல்லையான்னு நம்பர்ல காட்டணும்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. வெயிட் பாத்தா போதுமா, கேள்வித்தாள் குடுக்கணுமா, இல்ல கையில கட்டுற வாட்ச் ஏதாவது வேணுமா? பெரிய பட்ஜெட் எல்லாம் கிடையாது.

பதில்: டீச்சர், முதல்ல வெயிட் கதைய முடிச்சிடுவோம். வேண்டாம். வெயிட்ங்கறது பழக்கமே இல்ல, பழக்கம், பரம்பரை, வயசு, பருவ வளர்ச்சி எல்லாம் கலந்து வர்ற ஒரு ரிசல்ட் அது, 3 மாசத்துல வளர்ற பையனுக்கு உயரமும் கூடும் வெயிட்டும் கூடும், அதுல உங்க ப்ரோக்ராமோட பங்கு எவ்ளோன்னு பிரிச்சு எடுக்கவே முடியாது. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த வெயிட்டான்னு காட்டற கணக்கு, அத பாக்கலாமேன்னு யாராவது சொல்வாங்க. பெரியவங்களுக்கு 25க்கு மேல போனா வெயிட் ஜாஸ்தி, 30க்கு மேல போனா உடல் பருமன்னு சொல்ற கணக்கு பசங்களுக்கு செல்லாது, உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட 5ல இருந்து 19 வயசுக்கான அட்டவணைய வச்சு, வயசு தனியா, ஆண் பெண் தனியா பாக்கணும். அதுவும் க்ளாஸ் முன்னாடி லைன்ல நிக்க வச்சு வெயிட் பாத்து சத்தமா சொல்றது இருக்கே, அதுல குண்டா இருக்கற பிள்ளையும் ஒல்லியா இருக்கற பிள்ளையும் படுற அவமானத்துக்கு எந்த நம்பரும் ஈடாகாது. மெடிக்கல் செக்கப்புக்குன்னா டாக்டரோ நர்ஸோ தனியா பாத்துக்கட்டும், உங்க கணக்குல அது வேண்டாம்.

வாட்ச் விஷயமும் சீக்கிரம் சொல்லிடறேன். ஆராய்ச்சில ஆக்சலரோமீட்டர்னு உடம்போட அசைவ அளக்கற ஒரு சின்ன கருவிய இடுப்புலயோ மணிக்கட்டுலயோ கட்டி விடுவாங்க, வழக்கமா 7 நாள் போட சொல்லி, அதுல குறைஞ்சது 4 நாள், ஒவ்வொரு நாளும் 10 மணி நேரமாவது போட்டிருந்தாதான் அந்தப் பிள்ளையோட டேட்டாவ கணக்குல எடுப்பாங்க, 4ல ஒரு நாளாவது லீவு நாளா இருக்கணும்னும் பார்ப்பாங்க. கேள்வித்தாள விட இது நம்பகமானதுதான், சந்தேகமே இல்ல. ஆனா ஸ்டெப் எண்ணுற சாதாரண வாட்ச் சைக்கிள் ஓட்டறத சரியா பிடிக்காது, தண்ணில போடக்கூடாதுன்னு கழட்டி வச்சா நீச்சல் மொத்தமா காணாம போயிடும், போதாக்குறைக்கு கட்டி விட்ட முதல் ரெண்டு நாள் பசங்க நம்பர் ஏத்தறதுக்காகவே ஓடுவாங்க. இருந்தா நல்லது, இல்லன்னா கவலையில்ல. உங்களுக்கு கேள்வித்தாள்தான் வழி.

இப்ப கேள்வித்தாள்ல எங்க எல்லாரும் மாட்டிக்கறாங்கன்னு சொல்றேன், இது கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு.

"நீ தினமும் பழம் சாப்பிடுவியா?", "நல்லா தூங்குவியா?", "ஃபோன் அதிகமா பாப்பியா?" இந்த மாதிரி கேட்டா பசங்க என்ன செய்வாங்க? டீச்சருக்கு எது பிடிக்கும்னு யோசிச்சு அத எழுதுவாங்க. பொய் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல, பெரியவங்களும் டாக்டர் முன்னாடி இதத்தான் செய்யறோம். இதுல உங்களுக்குன்னு ஒரு ஸ்பெஷல் ஆபத்து வேற இருக்கு. ப்ரோக்ராமுக்கு முன்னாடி ஒரு தடவ கேக்கறீங்க, அப்புறம் 3 மாசம் பழம் நல்லது, சீக்கிரம் தூங்கணும்னு பாடம் எடுக்கறீங்க, திரும்ப அதே கேள்வியக் கேக்கறீங்க. இப்ப சரியான பதில் என்னன்னு எல்லாருக்கும் மனப்பாடம். மார்க் ஏறும், ஹெச்.எம். சந்தோஷப்படுவாங்க, வீட்ல ஒரு பழக்கமும் மாறியிருக்காது. சில சமயம் இது தலைகீழாவும் நடக்கும்: முன்னாடி "நான் நல்லா தூங்கறேன்"னு எழுதின பொண்ணு, எவ்ளோ தூங்கணும்னு பாடத்துல கத்துக்கிட்டதும் "இல்ல, சரியா தூங்கறதில்ல"ன்னு எழுதும், தூக்கம் அதேதான், அளவுகோல்தான் மாறிடுச்சு, ஆனா பேப்பர்ல பாத்தா உங்க ப்ரோக்ராம்னால பசங்க கெட்டுப்போன மாதிரி தெரியும்.

அதனால "நல்லா", "அதிகமா", "வழக்கமா", "அடிக்கடி" இந்த நாலு வார்த்தையும் உங்க கேள்வித்தாள்ல இருக்கவே கூடாது. அதுக்கு பதிலா நேத்து என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. நேத்து எத்தன தடவ பழம் சாப்ட்ட? நேத்து ராத்திரி லைட் அணைச்சப்ப மணி என்ன? நேத்து ஸ்கூல் விட்டு வந்ததுல இருந்து சாப்பிடறதுக்குள்ள என்ன பண்ண? ஞாபகத்துல இருக்கற ஒரு நாள பத்தி எண்ணிக்கையும் மணியும் கேட்டா, நடிக்கறதுக்கு இடம் கொஞ்சம் குறையும். முழுசா போகாது, குறையும்.

ஆனா ஒரே ஒரு நேத்து போதாது. நேத்து பிறந்தநாளா இருந்திருக்கலாம், காய்ச்சலா இருந்திருக்கலாம். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ரெண்டு வாரத்துக்குள்ள 3 அல்லது 4 தடவ கேளுங்க, அதுல ஒண்ணு கண்டிப்பா லீவு நாள் முடிஞ்ச மறுநாளா இருக்கட்டும், அப்பதான் லீவு நாள் பழக்கம் உள்ள வரும். பரீட்சை வாரத்துல வைக்காதீங்க. முதல் ரவுண்டு வெயில்லயும் ரெண்டாவது அடை மழையிலயும் வந்தா விளையாட்டு குறைஞ்சது உங்களாலயா மழையாலயான்னு யாருக்கும் தெரியாது.

வயசு. இத நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. உங்க 3ஆம் வகுப்புப் பிள்ளைக்கு நேத்து நடந்தத சொல்லத் தெரியும், "போன 7 நாள்"னு கேட்டா சும்மா ஏதோ ஒண்ண டிக் பண்ணும். அவங்களுக்கு 5, 6 கேள்வி, படம் போட்டு, நீங்க வாசிச்சுக் காட்டி, ஒவ்வொண்ணா நிரப்ப வைங்க. தூக்கம், ராத்திரி சாப்பாடு மாதிரி விஷயத்த பெத்தவங்ககிட்ட கேக்கலாம், ஆனா ஸ்கூல் நேரத்துல பிள்ள என்ன சாப்ட்டுச்சு எவ்ளோ ஓடிச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், அத அவங்ககிட்ட கேக்காதீங்க. 6, 7, 8 வகுப்புன்னா ஒரு வாரத்த திரும்பிப் பாத்து சொல்ல முடியும்.

உடல் உழைப்புக்கு வரேன். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது என்னன்னா, 5ல இருந்து 17 வயசு வரைக்கும் வாரம் முழுக்க சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற அளவுக்கு ஆட்டம் ஓட்டம் இருக்கணும், அது போக வாரத்துல 3 நாளாவது நல்லா வேகமான ஆட்டமும் தசை, எலும்ப பலப்படுத்தற வேலையும் வேணும். இதுல "சராசரியா"ங்கற வார்த்த முக்கியம், ஒரு நாள் 30 நிமிஷம், இன்னொரு நாள் 90ன்னு இருந்தா தப்பில்ல. ஆனா "நேத்து எத்தன நிமிஷம் விளையாடின?"ன்னு 10 வயசுப் பையன்கிட்ட கேட்டா 10ம் வரும் 500ம் வரும், பசங்களுக்கு நிமிஷக் கணக்கு சுத்தமா வராது. பிஏக்யூ-சின்னு ஒரு கேள்வித்தாள் பல நாட்டுல பயன்படுத்தறாங்க, சுமாரா 8ல இருந்து 14 வயசுக்கானது, அதுல இருக்கற நல்ல யோசனை என்னன்னா நிமிஷமே கேக்காது, நாள துண்டு துண்டா வெட்டிக் கேக்கும்: பி.டி. பீரியட்ல எப்படி, இடைவேளைல என்ன பண்ண, ஸ்கூல் விட்டதும், சாயங்காலம், லீவு நாள்லன்னு. நீங்களும் அப்படியே துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் உக்காந்திருந்தேன், நடந்தேன், ஓடினேன்னு மூணு கட்டம் குடுங்க. எது ஓட்டம்னு புரிய வைக்க ஒரு சுலப வழி இருக்கு: பேச முடியும், ஆனா பாட முடியாதுன்னா அது நடுத்தரம், ரெண்டு வார்த்தைக்கு மேல பேசவே முடியலன்னா வேகம். ஒரு நாள் மைதானத்துல ஓட விட்டு செஞ்சு காட்டிட்டா பிடிச்சுக்குவாங்க. பெரிய வகுப்புக்கு ஒரே கேள்விலயும் முடிக்கலாம், போன 7 நாள்ல எத்தன நாள் மொத்தமா 60 நிமிஷத்துக்கு மேல மூச்சு வாங்க ஆடின, 0ல இருந்து 7 வரைக்கும் வட்டம் போடு. 11, 13, 15 வயசுப் பசங்ககிட்ட பல நாடுகள்ல நடக்கற, உடல்நலப் பழக்கம் பத்தின ஹெச்பிஎஸ்சி சர்வேலயும் இந்த மாதிரிதான் கேக்கறாங்க.

தூக்கத்துக்கு ரெண்டு மணி வேணும், லைட் அணைச்ச மணி, எழுந்த மணி. கழிச்சு நீங்க கணக்கு போட்டுக்குங்க, "எத்தன மணி நேரம் தூங்கின"ன்னு கேக்காதீங்க, அதுக்கு எல்லாரும் 8னு எழுதுவாங்க. படுக்கைக்குப் போன மணியும் லைட் அணைச்ச மணியும் வேற வேற, நடுவுல ஃபோன் இருக்கும். 6ல இருந்து 12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13ல இருந்து 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொல்லியிருக்கு, அத அளவா வச்சுக்கலாம். ஸ்கூல் நாளுக்கும் லீவு நாளுக்கும் எழுந்திருக்கற மணில எவ்ளோ வித்தியாசம்னு பாருங்க, லீவு அன்னைக்கு ரெண்டு மூணு மணி நேரம் சேத்து தூங்குதுன்னா வாரம் முழுக்க தூக்கக் கடன் ஏறிட்டிருக்குன்னு அர்த்தம்.

ஸ்க்ரீன் டைம்தான் அளக்கறதுக்கே ரொம்ப தொல்லையானது. டிவி ஓடிட்டிருக்கும், கையில ஃபோன், மடில ஹோம்வொர்க், இத எத்தன மணி நேரம்னு எழுதறது? 2 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது பொழுதுபோக்கு ஸ்க்ரீனுக்கு கனடாவோட 2016 வழிகாட்டுதல்ல இருக்கற எல்லை, உலக சுகாதார நிறுவனம் இந்த வயசுக்கு குறைங்கன்னு சொல்லுதே தவிர இத்தன மணின்னு சொல்லல. அதனால மணி நேரத்தோட மல்லுக்கட்டாம ரெண்டே கேள்வி கேப்பேன்: நேத்து சாப்பிடும்போது ஏதாவது ஸ்க்ரீன் பாத்தியா, தூங்கறதுக்கு முன்னாடி கடைசி ஒரு மணி நேரத்துல பாத்தியா. ஆமா, இல்ல, அவ்ளோதான். இதுக்கு பதில் சொல்றதும் சுலபம், மாத்தறதும் இதைத்தான் மாத்த முடியும்.

சாப்பாட்டுல கலோரி பக்கமே போகாதீங்க, எடை போட்டு அளக்கறவங்களுக்கே அது தலைவலி. உலக சுகாதார நிறுவனம் 2023ல 6ல இருந்து 9 வயசுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம் காய், பழம், 10 வயசுக்கு மேல 400 கிராம்னு சொல்லியிருக்கு, ஆனா எந்தப் பிள்ளைக்கு கிராம் தெரியும்? காய் எத்தன வேளை, பழம் எத்தன தடவ, இனிப்பு கலந்த குளிர்பானம் எத்தன தடவ, காலைல சாப்ட்டியா, இந்த நாலு எண்ணிக்கை போதும். ரெடிமேட் கேள்வித்தாள் ஏதாவது எடுத்துக்கலாமான்னு தேடினா கிட்மெட்னு ஒண்ணு கண்ணுல படும், 16 கேள்வி, ரொம்ப பிரபலம், ஆனா அது மத்திய தரைக்கடல் உணவுமுறைய எவ்ளோ பின்பத்தறாங்கன்னு பாக்க செஞ்சது, ஆலிவ் எண்ணெய் பயன்படுத்தறாங்களான்னு கேக்கும். அந்த சாப்பாடு இல்லாத இடத்துல நல்லா சாப்பிடற பிள்ளைக்கும் மார்க் குறைஞ்சுதான் வரும். யாரோட கேள்வித்தாள் எடுத்தாலும் யாருக்காக செஞ்சதுன்னு பாத்துட்டு எடுங்க.

காலைல சாப்பிடலன்னு ஒரு பிள்ள எழுதினா அது சோம்பேறித்தனமா இருக்கலாம், வீட்ல சாப்பாடே இல்லாமயும் இருக்கலாம். இதுக்காகவே பேர் எழுத வைக்காதீங்க, ஆளுக்கு ஒரு கோட் நம்பர் குடுங்க, ரெண்டு ரவுண்டுக்கும் அதே நம்பர், அப்பதான் முன்னாடி பின்னாடி சேத்து பாக்க முடியும். எந்த நம்பர் யாரோடதுங்கற லிஸ்ட் ஒரே ஒருத்தர்கிட்ட பூட்டி இருக்கட்டும், முடிஞ்சா க்ளாஸ் டீச்சர்கிட்ட வேண்டாம். பெத்தவங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. இதுக்கு மார்க்கும் வேண்டாம், பரிசும் வேண்டாம், சுவர்ல ஸ்டார் ஒட்டறதும் வேண்டாம், ஸ்டார் வந்த நிமிஷத்துல இருந்து பதில் எல்லாம் ஸ்டாருக்காகத்தான் வரும்.

கணக்கு போடும்போது எல்லா பழக்கத்தையும் கூட்டி 100க்கு இத்தனன்னு ஒரு மார்க் போடணும்னு கை துறுதுறுக்கும், செய்யாதீங்க. தூக்கம் குறைஞ்சு பழம் கூடினா மொத்தம் அப்படியே நிக்கும், ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். ஒவ்வொண்ணையும் தனியா, தலைய எண்ணி சொல்லுங்க: 40 பேர்ல முன்னாடி 12 பேர் 9 மணி நேரம் தூங்கினாங்க, இப்ப 19 பேர், இப்படி. இன்னொண்ணு, ரொம்ப மோசமா இருக்கற பசங்கள மட்டும் பொறுக்கி ப்ரோக்ராம்ல போடாதீங்க, ஒரு தடவ ரொம்ப கம்மியா வந்தவங்க அடுத்த தடவ ஒண்ணுமே செய்யலன்னாலும் கொஞ்சம் ஏறித்தான் வருவாங்க, அது உங்க வெற்றி இல்ல. முடிஞ்சா ஒரு செக்‌ஷனுக்கு இப்ப, இன்னொரு செக்‌ஷனுக்கு அடுத்த டெர்ம்ல நடத்துங்க, ரெண்டு பேரையும் ஒரே சமயத்துல அளங்க. ரெண்டுலயும் ஒரே அளவு ஏறியிருந்தா காரணம் நீங்க இல்லன்னு தெரிஞ்சுடும். ஹெச்.எம்.கிட்ட இத முன்னாடியே சொல்லி வச்சிடுங்க, மாற்றம் இல்லன்னு வந்தாலும் ரிப்போர்ட் போகும்னு.

ரெண்டாவது ரவுண்ட ப்ரோக்ராம் முடிஞ்ச அன்னைக்கே வைக்காம ஒரு மாசம் விட்டு வைங்க, பழக்கம்னா பாடம் நின்ன பிறகும் இருக்கணும் இல்லயா. ப்ரின்ட் போடறதுக்கு முன்னாடி 3ஆம் வகுப்புல 5 பேர், 7ஆம் வகுப்புல 5 பேர்கிட்ட கேள்வித்தாள குடுத்து, பதில் எழுத சொல்லாம, "இந்தக் கேள்வி என்ன கேக்குது, உன் வார்த்தைல சொல்லு"ன்னு கேளுங்க. "குளிர்பானம்"னா ஃப்ரிட்ஜ்ல வச்ச தண்ணியான்னு ஒரு பிள்ள கேக்கும் பாருங்க, அந்த வரிய அங்கயே மாத்திடுங்க.