சிவப்புக் கோட்டுக்காரன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேம்கள் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் பேய்களை வாளாலும் துப்பாக்கியாலும் வேட்டையாடுகிற ‘டெவில் மே கிரை’ எங்காவது ஒரு வரியில் வந்துவிடுகிறது. அதை நம்பி ஐந்தாம் பாகத்தை ஆடினேன். பிடித்திருந்தது. அந்தச் சூட்டோடு முதல் பாகத்துக்குப் போனேன். கேமரா என் பேச்சைக் கேட்கவில்லை. ஆயுதம் மாற்ற மெனுவுக்குள் போக வேண்டியிருக்கிறது. எதிரி பாதி நேரம் திரைக்கு வெளியே நிற்கிறான். கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டேன். இதையா கொண்டாடுகிறீர்கள்? சின்ன வயதில் ஆடியது என்பதால் வருகிற பாசம்தானா?

இன்னொன்று. ஐந்தாம் பாகத்தை முடித்தேனே தவிர, நம் ஆட்டத்துக்கு மதிப்பெண் மாதிரி திரையோரத்தில் வருகிற அந்த எழுத்து ‘சி’, ‘பி’யைத் தாண்டியது அபூர்வம். மற்றவர்கள் ஆடும் வீடியோக்களைப் பார்த்தால் வேறு ஏதோ கேம் மாதிரி இருக்கிறது. நாலு அடியில் சாகிற பேயை நாற்பது அடி அடிப்பதில் என்ன இருக்கிறது? ஸ்டைல் என்பது வெறும் பந்தாதானே?

எந்த வரிசையில் ஆடலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரா.

*

அன்புள்ள ரா.,

பாசம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாசம் மட்டும்தான் காரணம் என்றால் இரண்டாம் பாகமும் எனக்குப் பிடித்திருக்க வேண்டும். அதையும் அதே வயதில், அதே டிவியில்தான் ஆடினேன். ஒட்டவேயில்லை.

பந்தா விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

பெரும்பாலான சண்டை கேம்களுக்கு நாம் ஜெயித்தோமா என்பது மட்டும்தான் கணக்கு. கதவுக்குப் பின்னால் ஒளிந்து சுட்டுக்கொண்டிருந்தாலும் வெற்றி வெற்றிதான். இந்த வரிசை அதோடு விடுவதில்லை. எப்படி ஜெயித்தாய் என்று கேட்கும், அதுவும் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே கேட்கும். ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் எழுத்து ஏறாது. சொன்ன ஜோக்கையே மறுபடி சொன்னால் யார் சிரிப்பார்கள்? அடி வாங்கினால் எழுத்து சரியும். சும்மா நின்றாலும் கரையும். அப்படியென்றால் புதிது புதிதாக அடிக்க வேண்டும், அடி படக் கூடாது, கையும் ஓயக் கூடாது. மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய ஆரம்பித்தால் பார்க்கிறவர்களுக்கு அது பந்தாவாகத்தான் தெரியும். ஆடுகிறவருக்கு அந்த நேரத்தில் பந்தா பண்ண நேரமிருக்காது.

சரி, முதல் பாகம். 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. கேப்காம் நிறுவனத்தில் ஹிதெகி காமியா இதைத் தொடங்கியது ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற திகில் கேம் வரிசையின் நான்காம் பாகமாக. அவர் குழு பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் போய்ப் பழைய கோட்டைகளையும் சிலைகளையும் கல் தரைகளையும் படம் எடுத்துக்கொண்டு வந்தது. ஆனால் உருவாகி வந்த நாயகன் அந்த வரிசைக்குள் அடங்கவில்லை. தயாரிப்பாளர் ஷின்ஜி மிகாமி, இது வேறு ஜாதி, தனி கேமாகவே செய்துவிடுங்கள் என்று பிரித்துவிட்டார்.

உங்களை எரிச்சல்படுத்திய கேமரா இந்தப் பிறப்பின் தழும்பு. கதை நடக்கிற மல்லெட் தீவின் அந்தக் கோட்டையைப் பாருங்கள். பூட்டிய கதவு, அதற்கொரு விநோதமான சாவி, மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிற கேமரா, இருட்டில் தொங்குகிற பொம்மைகள். எல்லாமே பயமுறுத்துகிற கேமின் சாமான்கள். அதற்குள் பயப்படவே தெரியாத ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். எரிமலைக் குழம்பில் செய்த மாதிரி ஒரு ராட்சதச் சிலந்தி கூரையைப் பிளந்துகொண்டு இறங்கும். எனக்கு வயிறு கலங்கியது. சிவப்புக் கோட்டு நாயகன் டான்டே அதைக் கிண்டல் செய்துகொண்டு நின்றான். அந்தக் கிண்டலுக்குத் தகுந்த மாதிரி ஆட வேண்டிய பொறுப்பு நம் விரல்களுக்கு வந்துவிடுகிறது. நான் முதலில் ரசித்தது அதைத்தான். பின்னால் வந்த பாகங்களில் டான்டே இன்னும் பெரிய கோமாளி, ஆனால் சுற்றி இருக்கிற இடத்துக்கு இந்தக் கனம் இல்லை. கேமராவைப் பற்றி நீங்கள் சொல்வது மறுக்க முடியாத குறை. அதைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

எதிரியை அந்தரத்தில் நிறுத்தி அடிக்கிற வித்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘ஓனிமுஷா’ என்ற வேறொரு கேமின் சோதனையில் எதிரிகள் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கிற மாதிரி ஒரு பிழை. காமியா அதைப் பார்த்துவிட்டு, இது நல்லாயிருக்கிறதே என்று எடுத்துக்கொண்டார். ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு ஒரு முழு வகையே கிடைத்துவிட்டது.

அந்த வித்தையைக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வையை எதிரி மேல் பூட்டுகிற பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்டிக்கை அவன் பக்கம் தள்ளி வாளை வீசினால் டான்டே அம்பு மாதிரி பாய்ந்து குத்துவான். அதுதான் ஸ்டிங்கர். அதே ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்து வீசினால் ஹை டைம், எதிரி மேலே பறப்பான். கீழே விழப் போகிறவனை இரட்டைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்தால் அப்படியே மிதப்பான். எபோனி, ஐவரி என்று அந்தத் துப்பாக்கிகளுக்குப் பெயர். அந்தத் தோட்டாக்கள் உயிரை எடுப்பதைவிட எதிரியைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அதிகம். தள்ளினால் பாய்ச்சல், இழுத்தால் தூக்கல். முதல் பாகத்தில் கற்ற இந்தச் சைகை ஐந்தாம் பாகத்திலும் அப்படியே செல்லுபடியாகும். பதினெட்டு வருட இடைவெளியில் பட்டன்களை மாற்றி வைத்துத் தொலைக்காமல் இருந்தார்களே, அதற்காகவே ஒரு கும்பிடு.

இரண்டாம் பாகம் 2003. துப்பாக்கிப் பட்டனை விடாமல் அழுத்தினாலே பாஸ் என்கிற பெரிய பெரிய முக்கிய எதிரிகள்கூட விழுந்துவிடுவார்கள். டான்டே அதிகம் பேசுவதேயில்லை. பிளடி பேலஸ் என்ற, தளம் தளமாக எதிரிகள் வந்துகொண்டே இருக்கிற பகுதி அதில்தான் அறிமுகமானது. அந்த ஒன்றுக்காக அதை முழுக்கத் திட்டாமல் விடுகிறேன்.

அந்தப் பாகத்தின் பிற்பகுதியில் பொறுப்பேற்று இயக்குநராகப் பெயர் போட்டுக்கொண்டவர் ஹிதெயாகி இட்சுனோ. அதற்கு முன் ‘ரைவல் ஸ்கூல்ஸ்’, ‘பவர் ஸ்டோன்’ என்று ஒருவருக்கொருவர் மோதுகிற சண்டை கேம்களைச் செய்தவர். மூன்றாம் பாகத்தை ஆரம்பத்திலிருந்தே தன் கையில் எடுத்துக்கொண்டார். 2005இல் வந்த அதில் அவருடைய பழைய தொழில் நன்றாகத் தெரியும். ஆயுதங்களை ஒரே அழுத்தில் மாற்றலாம், அடித்துக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். ஒவ்வொரு ஆயுதமும் ஒரு தனி ஆள் மாதிரி. மூன்று தலை நாயைக் கொன்றால் கிடைக்கிற பனிச் சங்கிலி, பேசிக்கொண்டே இருக்கிற இரட்டை வாள்கள், வாசித்தால் வௌவால்கள் பறக்கிற கிட்டார். அந்த வாள்களைக் கையில் எடுக்குமுன் டான்டே போடுகிற ஒரே நிபந்தனை, பேசக் கூடாது என்பது. அதற்கும் சரி என்று வாய் திறந்து பதில் சொல்லித் திட்டு வாங்கும்.

நானும் ஒரு நண்பனும் இதைச் சேர்ந்து ஆடினோம். செத்தால் கன்ட்ரோலர் அடுத்தவன் கைக்குப் போகும் என்பது ஒப்பந்தம். அந்த மூன்று தலை நாய் மூன்றாவது மிஷனிலேயே வந்துவிடும். கன்ட்ரோலர் யார் கையிலும் தங்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது அமெரிக்கப் பதிப்பு. ஜப்பானில் ‘ஹார்ட்’ என்று வைத்திருந்ததை அங்கே ‘நார்மல்’ என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள் என்ற சேதி பின்னால்தான் தெரிந்தது. அதுவரை எங்கள் விரல்களைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் பாகத்தில் சண்டைப் பாணியையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் ட்ரிக்ஸ்டர். ஓடுவது, வழுக்குவது, சுவரில் ஏறுவது, அடி வருமுன் அங்கே இல்லாமல் போவது. நண்பன் ராயல்கார்ட். அவன் நகரவே மாட்டான். எதிரியின் ஆயுதம் உடம்பைத் தொடுகிற அந்தக் கணத்தில் பட்டனைத் தட்டினால் சேதம் துளியும் இருக்காது. வாங்கிய அடியெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். போதும் என்று தோன்றும்போது மொத்தத்தையும் ஒரே குத்தாகத் திருப்பிக் கொடுக்கலாம். கணம் தப்பினால் சாவு. அடுத்த அறையில் இருந்தாலும் யார் கையில் கன்ட்ரோலர் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் ஆட்டத்தில் ஒரே தடதடப்பு. அவன் ஆட்டத்தில் நீண்ட அமைதி, பிறகு ‘டங்’கென்று ஓர் உலோகச் சத்தம், கூடவே அவன் சிரிப்பு. நாற்பது அடி எதற்கு என்று கேட்டீர்கள். ஒரே டான்டேயை வைத்துக்கொண்டு அவன் அவனாகவும் நான் நானாகவும் ஆட முடிந்தது அந்த நாற்பது அடியில்தான். நாலு அடியில் முடித்திருந்தால் இரண்டு பேரும் ஒன்றுதான்.

வெர்ஜிலைச் சொல்லாமல் மூன்றாம் பாகத்தைப் பற்றிப் பேச முடியாது. டான்டேயின் இரட்டைச் சகோதரன், நீலக் கோட்டு. கோபுர உச்சியில் மழைக்கு நடுவே முதல் மோதல். டான்டே சுடுகிற தோட்டாக்களை வாளைச் சுழற்றியே பிடித்து, தரையில் வரிசையாக அடுக்கி, ஒரே வீச்சில் திருப்பி அனுப்புவான். இதெல்லாம் இடைக்காட்சியில். சண்டையிலும் நிலைமை அதேதான். தூர நின்று சுட்டால் வாள் சுழலும், ஒரு தோட்டாகூடப் படாது. கிட்டே போனால் உங்களைவிட வேகம். மற்ற பாஸ்கள் பெரும்பாலும் பெரிய உடம்பு, மெதுவான கை. இவன் நம் உயரத்தில், நம் வேகத்தில், நாம் செய்கிற மாதிரியே செய்கிறவன். கேமில் மூன்று முறை வருகிறான், ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆயுதத்தோடு. இரண்டாம் முறை அவன் கையில் இருக்கிற கவசக் கையுறைகள் மூன்றாம் முறை நம் கைக்கு வந்திருக்கும். அந்தக் கடைசிச் சண்டையை ஜெயித்தபோது எங்களுக்கு ‘அப்பாடா’ என்றுகூட வரவில்லை. மறுபடி ஆட வேண்டும் என்றுதான் இருந்தது. 2006இல் வந்த சிறப்புப் பதிப்பில் அவனையே எடுத்து ஆடலாம் என்று ஆனபோது என் நண்பன் ராயல்கார்டை மறந்தே போனான்.

நான்காம் பாகம் (2008) பாதி கேம்தான். நீரோ என்ற இளைஞன் ஒரு நகரத்தையும் காட்டையும் கோட்டையையும் கடந்து போவான். பிறகு டான்டே அதே இடங்கள் வழியாகத் திரும்பி வருவான். அதே பாஸ்கள் மறுபடி வரும். காசும் நேரமும் தீர்ந்துபோன வாடை அடிக்கும். ஆனாலும் நீரோவின் வாளுக்காக அதை ஆட வேண்டும். கைப்பிடியில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஆக்ஸிலேட்டர். வெட்டு விழுகிற அந்தத் துளி நேரத்தில் அதை முறுக்கினால் அடுத்த வெட்டு நெருப்போடு வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முறுக்கு. இதைப் பழகியவர்கள் வலது கையால் ஒரு தாளமும் இடது கையால் இன்னொரு தாளமும் வைத்திருப்பார்கள். நான் இன்றுவரை அரைகுறைதான்.

நடுவில் 2013இல் பிரிட்டனின் நிஞ்சா தியரி செய்த மறுதொடக்கம் ஒன்று உண்டு. டான்டேக்குக் கறுப்பு முடி. முடிக்காகவே பலர் சண்டை போட்டார்கள். நகரமே உங்களைக் கொல்லப் பார்க்கிற, சுவர்கள் நெருங்கி வருகிற இடங்கள் அதில் நன்றாக இருந்தன. அவ்வளவு வசைக்கு அது தகுதியானதல்ல.

ஐந்தாம் பாகத்தை நீங்களே ஆடிவிட்டீர்கள். 2019இல் அது வந்தபோது எனக்கு உடனே பிடித்துப்போனது ‘வி’ என்கிறவனின் பகுதி. அவன் ஏவுகிற பறவையும் சிறுத்தையும் அந்த மொத்தை உருவமும் முதல் பாகத்தில் நாம் எதிர்த்துச் சண்டை போட்டவை. நீங்கள் முதல் பாகத்தைப் பாதியில் அணைத்துவிட்டதால் அந்தச் சிரிப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கும். இசையைக் கவனித்தீர்களா? எழுத்து ‘ஏ’வுக்கும் மேலே இருக்கிற ‘எஸ்’ஸைத் தொட்டால்தான் பாட்டு உச்சிக்குப் போகும். ‘சி’யிலேயே நின்றிருந்தால் பாட்டின் பல்லவியை நீங்கள் சரியாகக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

எழுத்தை ஏற்ற ஒரு யோசனை. பயிற்சி அறை இருக்கிறது, அதற்குள் போய் ஒரே எதிரியை வைத்துக்கொள்ளுங்கள். காம்போ என்கிற தொடர் அடிகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த அடியையும் அடுத்தடுத்து இரண்டு முறை போடுவதில்லை என்ற ஒரே விதியோடு ஆடுங்கள். ஸ்டிங்கர், ஹை டைம், மேலே நாலு தோட்டா, ஒரு வெட்டு, கீழே இறங்கி வேறு ஆயுதம். கிண்டல் பட்டனையும் மறக்காதீர்கள், அதுவும் எழுத்தை ஏற்றும். அது கைவந்த பிறகு ஜம்ப் கேன்சல். அந்தரத்தில் எதிரியின் மேல் கால் வைத்துக் குதித்தால் நீங்கள் செய்துகொண்டிருந்த அடி அங்கேயே அறுந்து, அதே அடியை மறுபடி தொடங்கலாம். நீங்கள் பார்த்த வீடியோக்களில் யாரும் தரைக்கே வராமல் இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். விரல் வலிக்கும், சொல்லிவிட்டேன்.

வரிசை: மூன்று, ஒன்று, நான்கு, பிறகு ஐந்தை மறுபடி. மூன்று கதைப்படியும் முதலில் வருவது. வெர்ஜிலைப் பழகிவிட்டு முதல் பாகத்துக்குப் போனால், அங்கே கறுப்புக் கவசத்தோடு ஒருவன் வருவான், ஒதுங்கி நின்று உங்களைச் சண்டைக்கு அழைப்பான், டான்டேயின் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். அப்போது கேமரா உங்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்காது. இரண்டை விட்டுவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம், மூன்றாம் பாகம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடாதீர்கள். பேய்கள் வந்துகொண்டே இருக்கும். பட்டியல் முடிவதற்குள் நூறு பேரைச் சாய்த்தால் இன்னொரு காட்சி கிடைக்கும்.

அன்புடன்