கம்பியின் உயரமும் அலை போகும் திசையும்

கேள்வி: அமெச்சூர் ரேடியோவில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்காக 20 மீட்டர் டைபோல் (நடுவில் கேபிள் இணைக்கும் நேர்க்கம்பி ஆன்டெனா) ஒன்றை வடக்கு தெற்காக, 5 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறேன். கம்பியின் முனைத் திசைகளில் அலை போகாது என்கிறார்கள். ஆனால் வடக்கே 200 கி.மீ. தள்ளி நன்றாகக் கேட்கிறது. கிழக்கே 3,000 கி.மீ. தொலைவுக்குத்தான் எட்டவே இல்லை. நீளத்தில் தவறா?

பதில்: நீளம் சரிதான். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 20.1 மீட்டர். இடிப்பது உயரம்.

தரையே இல்லாத வெட்டவெளியில் டைபோலின் அலைப் பரவல், கம்பியை அச்சாகக் கொண்ட டயர் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் உச்சம், முனைகளுக்கு நேரே ஒன்றுமில்லை. உங்கள் கம்பிக்குக் கீழே தரை இருக்கிறது. படுக்கையாகக் கட்டிய கம்பியின் அலை தரையில் பட்டுத் திரும்பும்போது தலைகீழாகிவிடுகிறது. அலைநீளம் 42 மீட்டர். உங்கள் உயரம் அதில் எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு தாழ்வில், அடிவானத்தை ஒட்டிப் போகும் நேரலையும் தரையில் பட்ட அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் மேல்நோக்கியே போகிறது. அது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பிச் சில நூறு கிலோமீட்டருக்குச் சுற்றிலும் விழுகிறது. செங்குத்தாக ஏறும் அலைக்கு வடக்கென்ன, கிழக்கென்ன?

10.5 மீட்டருக்கு உயர்த்தினாலும் உச்சம் தலைக்கு மேலேதான். 21 மீட்டரில், அதாவது அரை அலைநீளத்தில், உச்சம் 30 பாகைக்கு இறங்கும்; கிழக்கு மேற்கு வித்தியாசமும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அவ்வளவு உயரக் கம்பம் நடுவது எல்லோராலும் ஆகாது. 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால் 10 மீட்டர் கம்பியும் 10.5 மீட்டர் உயரமுமே போதும். 7.1-ஐ விட மனமில்லையென்றால் 10 மீட்டர் செங்குத்துக் கம்பி நட்டு, அடியிலிருந்து அதே நீளத்தில் 16 கம்பிகளைத் தரையில் விரியுங்கள். அவை இல்லாவிட்டால் சக்தியில் பெரும்பங்கை மண்ணே தின்றுவிடும். செங்குத்துக் கம்பி மேல்நோக்கி வீசாது, 200 கி.மீ. நண்பருக்காகப் பழைய டைபோலையும் வைத்திருங்கள்.

செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) மாறுகிறதா? அப்படியானால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாகி அலையைக் கண்ட திசையில் வீசுகிறது. 31 ரக ஃபெரைட்டில் (ஒருவகைக் காந்தப் பொருள்), 2.4 அங்குல வளையம் ஒன்றில் ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்றுச் சுற்றி, டைபோலின் நடுவில் மாட்டுங்கள்; வெளிப்பின்னலில் ஓடும் மின்னோட்டத்தை அது தடுக்கும்.

கேள்வி: கையடக்க விஎச்எஃப் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்) செட்டின் ஆன்டெனா நுனியை எதிர்முனைக்கு நேராக நீட்டிப் பேசலாமா?

பதில்: கூடாது. அலை மிகக் குறைவாகப் போகும் திசையே அதுதான். நிமிர்த்திப் பிடியுங்கள். 145 மெகாஹெர்ட்ஸென்றால், ஆன்டெனா சாக்கெட்டின் வெளிவளையத்தில் 49 செ.மீ. கம்பியொன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிக்னல் கூடும்.