டி.எம். படிப்பா, ஓராண்டு ஃபெலோஷிப்பா?

கடலூர் டாக்டருக்கு வணக்கம். எம்.டி. குழந்தை மருத்துவம் முடித்துவிட்டேன், குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கு மூன்றாண்டு டி.எம். (எம்.டி.க்கு மேலான சிறப்புப் பட்டம்) தேவையா, ஓராண்டு ஃபெலோஷிப் பயிற்சி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு டி.எம்.முக்குத்தான். வென்டிலேட்டரை இயக்கச் சில மாதங்களில் பழகிவிடலாம். எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று தெரியத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன. செப்சிஸ் அதிர்ச்சியில் (கடும் தொற்றால் ரத்த ஓட்டம் குலைந்த நிலையில்) வந்த பிள்ளைக்குக் கிலோவுக்கு 10 மி.லி. திரவம் ஏற்றியதும் கல்லீரல் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முன்பைவிட இறங்கியிருந்தால், திரவம் மிகுந்து கல்லீரல் வீங்குகிறது என்று பொருள்; திரவத்தை நிறுத்த வேண்டும். விடிகாலை மூன்று மணித் தூக்கக் கலக்கத்திலும் விரல் அதைச் சொல்ல வேண்டும்.

டி.எம். சேர இரண்டு நுழைவுத் தேர்வுகள்: ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற தேசிய நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ்., பிற கல்லூரிகளுக்கு நீட்-எஸ்.எஸ். ஒன்றுக்கு விண்ணப்பித்து மற்றதைக் கோட்டைவிட்டவன் நான். சேருமுன் அங்கே படிப்பவரிடம் கேளுங்கள்: இரவில் பிள்ளையின் மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகுவது யார்?